வருத்தத்தோடும் படிக்கலாம்

(சபையின் ஆண்டு விழாவை ஒட்டி நடந்த பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)



பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஏதாவது பேசும்படி விழாக் குழுவினர் என்னைக் கேட்டார்கள். எந்தப் பாடம் எடுத்தால் எந்த வேலை கிடைக்கும் என்று சொல்வதற்கு எங்கள் சபையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபது வயதில் இந்த நாட்டுக்கு வந்து, இங்கிலாந்திலேயே மனநலத் தாதியாகப் பயிற்சி பெற்றவள். அன்று தொடக்கம் அதே வேலைதான். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு விடயத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஸ்கிசோபிரீனியா என்ற வருத்தம் உள்ள ஒருவர் பல்கலைக்கழகத்தில் கடினமான பட்டப்படிப்பொன்றைப் படித்து முடிக்க முடியுமா?

முடியும். எல்லோராலும் முடியும் என்று நான் சொல்லவில்லை. சுகமாக முடியும் என்றும் சொல்லவில்லை. ஆனால் "இந்த வருத்தம் வந்தால் படிப்பு முடிஞ்சுது" என்று எங்கள் வீடுகளில் சொல்லப்படும் தீர்ப்பு பிழையானது. அதை நான் வேலையிலும் பார்த்திருக்கிறேன், என் சொந்த வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

சொந்த வீடு என்று சொன்னது என் தம்பியை. அவனுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அவன் இப்போது வேறு நகரத்தில் இருக்கிறான். உங்களில் பலருக்கு அவனைத் தெரியாது. "பெயரைப் போடாதை அக்கா. மிச்சத்தைச் சொல்லு. ஆருக்கும் உதவினால் நல்லதுதானே" என்றான்.

இது என்ன வருத்தம்?

சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம். பிரஷர், கொலஸ்ரரோல் என்றால் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போதே குளிசையின் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இந்த வருத்தத்தின் பெயரை மட்டும் வாயில் எடுக்க மாட்டோம். தமிழில் மனச்சிதைவு நோய் என்று எழுதுவார்கள். ஸ்கிசோபிரீனியா என்ற பெயரை 1908 இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரைச் சேர்ந்த ஒய்கன் புளொய்லர் என்ற மனநல வைத்தியர் வைத்தார். பிளவுபட்ட மனம் என்பது அதன் நேரடிப் பொருள். அந்தப் பெயரால் ஒரு தவறான எண்ணமும் பரவிவிட்டது. ஒரு மனிதருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதல்ல இது. நினைவு, உணர்வு, புலன் ஆகியவை ஒன்றோடொன்று இசையாமல் போவதையே அவர் பிளவு என்றார்.

உலகம் முழுவதும் 2 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த வருத்தம் இருக்கிறது. பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்கும். ஆண்களுக்குச் சற்று முன்னதாகவே வரும். எங்கள் பிள்ளைகள் ஏ-லெவல் முடித்துப் பல்கலைக்கழகம் போகும் வயதும் அதுதான். ஆகவே படிப்பையும் இந்த வருத்தத்தையும் பிரித்துப் பேச முடியாது. படிக்கப் போன இடத்தில்தான் பலருக்கு இது முதலில் வெளிப்படுகிறது.

இதன் அறிகுறிகளை மூன்று விதமாகப் பார்க்கலாம். ஆள் இல்லாமல் குரல் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்றவை முதல் வகை. இவை வெளியே தெரியும். இவற்றுக்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். எழும்ப மனமில்லாமை, பேச்சுக் குறைதல், குளிக்கவும் உடுக்கவும் அக்கறை இல்லாமை ஆகியவை இரண்டாம் வகை. வீட்டில் இதற்குச் "சோம்பல்" என்று பெயர் வைத்துவிடுவோம். கவனம் நிற்காமை, இப்போது வாசித்த வரி அடுத்த நிமிடம் மனதில் இல்லாமை, ஒரு வேலையை ஒழுங்குபடுத்திச் செய்ய முடியாமை மூன்றாம் வகை. படிக்கும் பிள்ளையை மிகவும் வதைப்பது இந்த மூன்றாம் வகைதான். மருந்து முதல் வகைக்கு நன்றாக உதவும். மற்ற இரண்டுக்கும் அந்த அளவுக்கு உதவாது. குரல் அடங்கிய பிறகும் பிள்ளை ஏன் புத்தகத்தின் முன் அப்படியே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

தம்பியின் இரண்டாம் வருடம்

தம்பி மின்பொறியியல் படிக்கப் போனான். முதல் வருடம் நல்ல புள்ளிகள். இரண்டாம் வருடம் தொடங்கி இரண்டு மாதத்தில் அவனுக்கு இரவும் பகலும் மாறிவிட்டன. விடிய ஐந்து மணிக்குப் படுப்பான். பிறகு மடிக்கணினியின் கமராவை ரேப் ஒட்டி மறைத்தான். கன்ரீன் சாப்பாட்டைத் தொடமாட்டான். விரிவுரையாளர் திரையில் காட்டும் படங்களில் தனக்கு மட்டும் ஒரு செய்தி இருக்கிறது என்றான். இரண்டு ஆண்கள் அவன் செய்வதையெல்லாம் விமர்சித்துப் பேசும் குரல் கேட்டது. ஒருவன் தமிழில் பேசுவான், மற்றவன் ஆங்கிலத்தில்.

ஒரு சனிக்கிழமை அவனைப் பார்த்த அன்றே ஜீ.பி.யிடம் கூட்டிப் போனேன். இரண்டு நாட்களின் பின் மனநலச் சட்டத்தின் 2 ஆம் பிரிவின்கீழ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்தப் பிரிவில் 28 நாட்கள் வரை வைத்து மதிப்பீடு செய்யலாம். அம்மா மருத்துவமனை வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி, "ஆக்களுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்பது. அம்மாவை நான் குறை சொல்லவில்லை. ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டு இடம்பெயர்ந்து, கடன்பட்டு, இந்த நாட்டுக்கு வந்து, அவனை இஞ்சினியர் ஆக்க வேண்டும் என்று இரண்டு வேலை செய்தவர் அவர். அவருக்கு அந்த நிமிடத்தில் உடைந்தது அந்தக் கனவு.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் ஒரு வருடம் படிப்பை இடைநிறுத்தினான். இடைநிறுத்துவது வேறு, விட்டு விலகுவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இடைநிறுத்தினால் இடம் பறிபோகாது. எடுத்த புள்ளிகளும் போகாது. பயத்தில் அவசரப்பட்டு விலகல் கடிதம் கொடுத்துவிட்டால் திரும்பிச் சேர்வது பெரும் பாடு.

அடுத்த செப்ரெம்பரில் திரும்பிப் போனான். மூன்று வருடப் படிப்பை முடிக்க அவனுக்கு மொத்தம் ஆறு வருடங்கள் எடுத்தன. நடுவில் ஒருமுறை, பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது, குளிசை மூளையை மந்தமாக்குகிறது என்று தானே நிறுத்தினான். முதல் இரண்டு கிழமை நன்றாகத்தான் இருந்தது. "பாத்தியே அக்கா, இப்ப தலை தெளிவா இருக்கு" என்றான். நான்காம் கிழமை குரல்கள் திரும்பி வந்தன. அந்த வைகாசிப் பரீட்சை போய்விட்டது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு வருத்தம் திரும்பும் ஆபத்து பல மடங்கு கூடும் என்று எங்களுக்குப் படிப்பித்தது இதைத்தான். நிறுத்திய மறுநாளே வராது. நன்றாக இருக்கிறேன் என்று நம்ப வைத்துவிட்டுப் பிறகு வரும். அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

வைத்தியரின் கடிதத்தோடு பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம். அந்தப் பரீட்சையை ஆவணியில் முதல் தடவை எழுதுவதாகவே கணக்கில் எடுத்தார்கள். கடைசியில் இரண்டாம் வகுப்பின் கீழ்ப் பிரிவில் சித்தியடைந்தான். இன்று கிழமையில் நான்கு நாள் வேலை செய்கிறான். குரல்கள் முற்றாகப் போகவில்லை. களைத்த நாட்களில் வரும்.

ஒரு பேராசிரியரின் கதை

"உங்கட தம்பிக்குக் கெட்டித்தனம் இருந்தது, முடிஞ்சுது" என்று யாராவது சொல்லலாம். இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். எலின் சாக்ஸ் என்பவர் அமெரிக்காவின் மயாமி நகரில் வளர்ந்தவர். 1977 இல் பட்டம் பெற்று, புலமைப்பரிசிலில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு மெய்யியல் படிக்க வந்தார். அங்கே கடுமையாக நோயுற்று மருத்துவமனையில் இருந்தார். ஆனாலும் 1981 இல் அந்தப் பட்டத்தை முடித்தார். பிறகு அமெரிக்கா திரும்பி யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். சேர்ந்த சில கிழமைகளிலேயே வருத்தம் மீண்டும் வெளிப்பட்டது. கட்டிலில் கட்டிவைக்கப்பட்டார். மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தார். தனியாக வாழவோ, வேலை பார்க்கவோ, மணம் முடிக்கவோ இயலாது என்பதே அவருக்குச் சொல்லப்பட்ட எதிர்காலம்.

அடுத்த வருடம் அதே சட்டக் கல்லூரிக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்கினார். 1986 இல் சட்டப் பட்டம் பெற்றார். 1989 இல் லொஸ் ஏஞ்சலிசில் உள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பிக்கச் சேர்ந்து பேராசிரியர் ஆனார். மணமும் முடித்தார். 2007 இல் தன் வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார். 2009 இல் மக்ஆர்தர் விருது கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு மனநலச் சட்டத்துக்கான ஒரு நிறுவனத்தை அதே பல்கலைக்கழகத்தில் தொடக்கினார்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எங்கட பிள்ளையும் பேராசிரியர் ஆகலாம்" என்று போய்ப் பிள்ளையின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிடாதீர்கள். சாக்ஸுக்குக் கிழமையில் நான்கைந்து நாட்கள் ஒரு சிகிச்சையாளரோடு பேச வசதி இருந்தது. எல்லோருக்கும் அது கிடைக்காது. நான் இங்கே காட்ட விரும்புவது வேறு. அவரும் பல வருடங்கள் மருந்தைக் குறைக்கவும் நிறுத்தவும் முயன்றவர்தான். ஒவ்வொரு முறையும் நோய் கூடியது. மருந்து தேவை என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வாழ்க்கை விரிந்தது என்று அவரே சொல்கிறார். தன்னை நிமிர்த்தி வைத்தவை என அவர் சொல்வது மூன்று: நல்ல சிகிச்சை, தன் வருத்தத்தை அறிந்த குடும்பமும் நண்பர்களும், ஆதரவான வேலையிடம். இம்மூன்றில் ஒன்றை வைத்தியர்கள் தருவார்கள். மற்ற இரண்டையும் தர வேண்டியவர்கள் நாங்கள்.

சாக்ஸும் வேறு ஆய்வாளர்களும் லொஸ் ஏஞ்சலிசில் இந்த வருத்தத்தோடு நல்ல நிலையில் வாழும் 20 பேரைத் தேடிப் பேட்டி கண்டார்கள். பட்டதாரி மாணவர்கள், முகாமையாளர்கள், ஒரு வைத்தியர், ஒரு சட்டத்தரணி ஆகியோர் அதில் இருந்தார்கள். பெரும்பாலானோர் பலமுறை மருத்துவமனையில் இருந்தவர்கள். மருந்தோடு சேர்த்து ஒவ்வொருவரும் தங்களுக்கென்று சில வழிகள் வைத்திருந்தார்கள். எது தங்களைக் குழப்பும் என்று முன்கூட்டியே அறிந்து விலகுவது, சத்தத்தையும் கூட்டத்தையும் குறைப்பது, ஒரு பயம் வரும்போது "இதற்கு ஆதாரம் என்ன?" என்று தன்னையே கேட்பது, வேலையில் மனதை ஊன்றுவது என்று அவை பல விதம். வேலையும் படிப்பும் நோயைக் கூட்டும் என்று மட்டும் நினைக்கிறோம். பலருக்கு அவைதான் பிடிமானமாக இருக்கின்றன.

படிக்கும் பிள்ளைக்கு

தம்பி தங்கைகளே, இந்தப் பகுதி உங்களுக்கு. உங்களுக்கு இல்லாவிட்டால் உங்கள் அறைத் தோழருக்கு.

முதலாவது, பல்கலைக்கழகத்துக்குச் சொல்லுங்கள். 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, 12 மாதங்களோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடிய, அன்றாட வாழ்வைப் பெரிதும் பாதிக்கும் மனநோயும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும். நியாயமான மாற்று ஏற்பாடுகளைச் செய்து தருவது பல்கலைக்கழகத்தின் கடமை. தம்பிக்குப் பரீட்சையில் கால் பங்கு மேலதிக நேரம், சிறிய தனி அறை, விரிவுரைகளின் ஒலிப்பதிவு, ஒப்படைகளுக்குக் கூடுதல் நாட்கள் எல்லாம் கிடைத்தன. ஒரு வருடப் பாடங்களை இரண்டு வருடமாகப் பிரித்தும் படித்தான். சொல்லாதவருக்கு இவை எதுவும் கிடைக்காது. தாதியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் தொழில் தகுதி பற்றியும் கேட்பார்கள். அங்கேயும் வருத்தத்தின் பெயர் மட்டும் கதவை அடைப்பதில்லை. நீங்கள் சிகிச்சை எடுக்கிறீர்களா, சுகமில்லாதபோது உதவி கேட்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.

இரண்டாவது, இங்கிலாந்து மாணவர்களுக்கு வலுவிழப்புள்ள மாணவர் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. இது கடன் அல்ல. திருப்பிக் கட்டத் தேவையில்லை. பெற்றோரின் வருமானத்தையும் பார்ப்பதில்லை. வைத்தியரின் கடிதம் வேண்டும். அதன் மூலம் தம்பிக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஒரு வழிகாட்டி கிடைத்தார். அவர் மின்பொறியியல் படிப்பிக்கவில்லை. வரும் ஏழு நாட்களையும் தம்பியோடு இருந்து தாளில் பிரித்தார். எப்போது எழும்புவது, எதை முதலில் தொடுவது, எந்த ஒப்படைக்கு இன்றே மின்னஞ்சல் போடுவது என்று. அந்த ஒரு மணித்தியாலம் இல்லாவிட்டால் முடித்திருக்க மாட்டேன் என்று தம்பி இன்றும் சொல்வான். வருத்தத்தால் ஒரு வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டி வந்தால், தகுந்த சொந்தக் காரணங்களைக் காட்டி மேலதிக வருடத்துக்கு மாணவர் நிதியும் கேட்கலாம்.

மூன்றாவது, மருந்தோடு சண்டை பிடிக்காமல் வைத்தியரோடு பேரம் பேசுங்கள். தம்பியின் முதல் குளிசை அவனைப் பகல் பதினொரு மணிவரை எழும்ப விடாது. விரிவுரையோ ஒன்பது மணிக்கு. அதை வைத்தியரிடம் சொன்னபோது குளிசை எடுக்கும் நேரத்தை முன்மாலைக்கு மாற்றினார்கள். பிறகு குளிசையையே மாற்றினார்கள். நித்திரை மயக்கம், எடை கூடுதல், ஓரிடத்தில் இருக்க முடியாத அந்தரம், வாய் உலர்தல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. நாள்தோறும் விழுங்க மறக்கிறவர்களுக்குச் சில கிழமைகளுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. இரண்டு மருந்துகளைச் சரியாக எடுத்தும் குணம் தெரியாதவர்களுக்கு குளோசபின் என்ற மருந்து இருக்கிறது. அதற்குத் தொடக்கத்தில் கிழமைதோறும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தப் பரிசோதனை நாளையும் பாட அட்டவணையில் குறித்து வையுங்கள்.

நான்காவது, நித்திரை. முழு இரவும் விழித்திருந்து படிப்பது மற்றவர்களுக்கு ஒரு களைப்பு. உங்களுக்கு அது வருத்தம் திரும்பி வருவதற்கான வாசல். கஞ்சாவும் அப்படித்தான். "எல்லாரும் பத்துறாங்கள்தானே" என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் உள்ள ஆபத்தல்ல உங்களுக்கு உள்ளது.

ஐந்தாவது, குரல் கேட்கும்போது படிப்பது. பக்கத்தில் இரண்டு பேர் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் அறையில் கணக்குச் செய்வது போன்றது அது. தம்பி முதல் வரிசையில் இருப்பான். பாடப் பகுதியை வாய்விட்டு வாசிப்பான். நாற்பது நிமிடம் படித்தால் பத்து நிமிடம் நடப்பான். தன் முதல் மூன்று எச்சரிக்கை அறிகுறிகளை ஒரு சிறு அட்டையில் எழுதி எனக்கும் ஒரு பிரதி தந்திருக்கிறான். நித்திரை நான்கு மணிக்குக் குறைந்தால், தொலைபேசியை அடிக்கடி நிறுத்தினால், கமராவை மறைத்தால் நான் அவனைக் கேட்கலாம். கேட்டால் கோபிக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

வீட்டிலுள்ளவர்களுக்கு

லண்டனில் ஜோர்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950களின் கடைசியில் ஒரு விடயத்தைக் கவனித்தார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இந்த நோயாளர்களில் சிலர் மீண்டும் நோயுற்றார்கள், சிலர் நோயுறவில்லை. அதற்கும் வீட்டின் பேச்சுக்கும் தொடர்பு இருந்தது. எந்த நேரமும் குற்றம் சொல்லும் வீடு, வெறுப்புக் காட்டும் வீடு, அளவுக்கு மீறி அழுது பொத்திப் பொத்திக் காக்கும் வீடு ஆகியவற்றில் வருத்தம் கூடுதலாகத் திரும்பியது. அப்படிப்பட்ட வீட்டில் கிழமைக்கு 35 மணித்தியாலங்களுக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடியது. குடும்பம் இந்த வருத்தத்தை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருள் அல்ல. வந்த வருத்தத்தை ஆற்றவும் கூட்டவும் வீட்டால் முடியும் என்பதே பொருள்.

எங்கள் வீடுகளில் பாசம் இருக்கிறது. ஆனால் பாசம் சில நேரம் கேள்வியாக வரும். "குளிசை போட்டியே? சாப்பிட்டியே? படிச்சியே? ஏன் முகம் அப்பிடி இருக்கு?" ஒரு நாளில் இருபது தரம். அப்பா ஒரு நாள் தம்பியிடம் எதையும் கேட்காமல், கார் கழுவ வாளியைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். இருவரும் ஒரு மணித்தியாலம் பேசாமல் கார் கழுவினார்கள். அன்று இரவு தம்பி தானாகவே வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தான்.

உங்களுக்கு உரிய உதவியையும் கேட்டு வாங்குங்கள். முதன்முறை இந்த வருத்தம் வந்தவர்களுக்கென்று இங்கே ஆரம்பத் தலையீட்டுச் சேவை இருக்கிறது. பரிந்துரை கிடைத்து இரண்டு கிழமைக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது 2016 இலிருந்து இங்கிலாந்தின் நியமம். குடும்பத்தோடு சேர்ந்து பேசும் சிகிச்சை குறைந்தது 10 அமர்வுகளும், தனியாக நோயாளரோடு பேசும் சிகிச்சை குறைந்தது 16 அமர்வுகளும் கொடுக்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டல் சொல்கிறது. ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்; காசு இல்லை. பத்து வயதுத் தங்கச்சியை வைத்து அண்ணனின் வருத்தத்தை மொழிபெயர்க்காதீர்கள்.

பிள்ளை 18 வயதைக் கடந்தால் பல்கலைக்கழகமும் வைத்தியரும் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் உங்களுக்கு விபரம் சொல்ல மாட்டார்கள். சுகமாக இருக்கும்போதே அந்தச் சம்மதத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள். சம்மதம் இல்லாவிட்டாலும், நீங்கள் சொல்வதைக் கேட்க எங்களுக்குத் தடை இல்லை. "பிள்ளை மூன்று நாள் நித்திரை கொள்ளேல்லை" என்று ஒரு தாய் சொன்னால் அதை எழுதிக்கொள்வது எங்கள் வேலை.

ஜெபமும் குளிசையும்

இதைச் சபையில் சொல்லாமல் விட்டால் சரியாகாது. தம்பி மருத்துவமனையால் வந்த புதிதில், வேறொரு இடத்திலிருந்து வந்த ஒருவர் வீட்டில் ஜெபித்தார். பிறகு, விசுவாசம் இருந்தால் குளிசை எதற்கு என்று கேட்டார். அம்மா தடுமாறிப் போனார். அதே காலத்தில் அப்போது நாங்கள் போன சபையின் ஒரு வயதான ஐயா, வியாழன்தோறும் தம்பியைக் கூட்டிக்கொண்டு பூங்காவில் நடப்பார். அவரும் ஜெபிக்கிறவர்தான். ஆனால் தம்பியோடு பேசியதெல்லாம் கிரிக்கெற். கிளினிக் நாளென்றால் அவரே காரில் ஏற்றிப் போய்க் காத்திருப்பார். இருவரில் யார் தம்பியைப் படிப்புக்குத் திரும்பக் கொண்டுவந்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிசாசு பிடித்ததென்று பிள்ளையின் முன்னால் சொல்லாதீர்கள். ஏற்கெனவே யாரோ தன்னை ஆட்டுவிக்கிறார்கள் என்று நம்பிப் பயந்துபோன பிள்ளைக்கு அந்தச் சொல் நெருப்பில் எண்ணெய். ஜெபியுங்கள், குளிசையையும் கொடுங்கள். சில குளிசைகளைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சரியாகச் சேரும். உபவாச நாட்களில் என்ன செய்வதென்று முன்கூட்டியே உங்கள் தாதியிடம் கேளுங்கள்.

எங்கள் பக்கத்து நாடுகளிலும் இந்தப் பாதை புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் நோயாளரோடு குடும்பத்தவரும் கூடவே தங்கிச் சிகிச்சை முறையைக் கற்றுக்கொள்வார்கள். சென்னையில் இந்தியாவின் முதல் பெண் மனநல வைத்தியர் சாரதா மேனன் 1984 இல் தொடக்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், இதே வருத்தம் உள்ளவர்களின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்குமென்றே வேலை செய்கிறது. தமிழருக்கு இது பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது.

பட்டம் கிடைக்காவிட்டால்?

நான் கவனித்த வேறொரு பிள்ளை மருந்தாக்கவியல் படித்தவள். இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்த்தாள். மூன்றாம் முறை, "எனக்கு இது வேண்டாம் நேர்ஸ்" என்றாள். இப்போது ஒரு பேக்கரியில் விடிய ஆறு மணி வேலை. நல்ல நித்திரை, இரண்டு வருடமாக மருத்துவமனை வாசலே மிதிக்கவில்லை. அவளுடைய தகப்பனார் இன்னும் உறவினரிடம் "படிச்சுக்கொண்டிருக்கிறா" என்றுதான் சொல்கிறார். அந்தப் பிள்ளைக்கு வலிப்பது வருத்தம் அல்ல, அந்தப் பொய். படிக்க முடிந்தால் படிக்க விடுவோம். மெதுவாகப் படித்தால் காத்திருப்போம். வேறு வழி போனால் அதையும் மதிப்போம்.

கடைசியாக மூன்று காரியங்கள். உங்கள் பிள்ளை சில கிழமைகளாக நித்திரை இல்லாமல், ஆட்களை ஒதுக்கி, விளங்காத பயங்களைச் சொல்லத் தொடங்கினால் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கிழமையே ஜீ.பி.யிடம் போங்கள். அவசரமென்றால் 111 ஐ அழைத்து மனநல உதவிக்கான 2 ஆம் இலக்கத்தை அழுத்துங்கள். உயிராபத்து என்றால் 999. இரண்டாவது, பல்கலைக்கழகத்தில் எந்தக் கடிதத்திலும் கையெழுத்திடுவதற்கு முன் அங்குள்ள வலுவிழப்பு ஆலோசகரைச் சந்தியுங்கள். மூன்றாவது, எங்கள் சபையில் இப்படி ஒரு வீடு இருந்தால் அந்த வீட்டுக்குப் போங்கள். என்ன வருத்தம் என்று கேட்கத் தேவையில்லை. காய்ச்சல்காரர் வீட்டுக்குச் சோறு கொண்டு போவது போலப் போங்கள்.

இதைப் பற்றித் தனியாகப் பேச விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வரலாம். நீங்கள் சொல்வது என்னோடு நிற்கும். படிவம் நிரப்ப வேண்டுமானால் பேனையையும் கொண்டு வருகிறேன்.